இது யோசனை, இது முடிவு

எங்கள் பெக்டரியில் மெடம் எதைச் சொன்னாலும் கூடவே ஒரு சொல்லையும் சேர்த்துத்தான் சொல்வார். ஒன்று, "இது யோசனை" என்பார். இல்லாவிட்டால், "இது முடிவு" என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது மலைப்பக்கம் இருட்டுவதைப் பார்த்துவிட்டு, "மழை வரும் போல இருக்கு, இன்னைக்கு முதல் பஸ்ஸையே புடிச்சிருங்க. இது யோசனைதான்" என்பார். மிளகு பொறுக்கும் பெண்கள் அவர் அந்தப் பக்கம் போனதும் அதையே பேசிக் காட்டுவார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "உப்பு கூடிப்போச்சு. இது முடிவு" என்பாள். அவர் காதில் அது விழாமல் இருந்திருக்காது. ஒரு நாளும் கோபித்ததில்லை.

மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டைப் பக்கம் ஏறும் ரோட்டில், மலையைக் குடைந்து எடுத்த இடத்தில் இருந்தது எங்கள் பெக்டரி. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். பொறுக்கும் மண்டபத்துக்கு நான் சூப்பவைசர். அவர் எங்களுக்கு மனேஜராக வந்தவர். எல்லாரும் 'மெடம்' என்போம். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வந்தவர் என்பது பேச்சிலேயே தெரியும். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. கார்மென்ட்ஸில் இருந்தார் என்று சிலர் சொன்னார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருந்தார், அங்கே ஏதோ நடந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் இப்படி ஆனார் என்று சிலர் சொன்னார்கள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் நடக்கல" என்றார். "எங்க வீட்டுல ஏழு பேரு. பல்லு வலிச்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு ஏழு பேரும் பேசுவாங்க. பேசி முடியிறதுக்குள்ள பல்லு விழுந்துரும். அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் இல்லை.

அவர் வந்த வாரத்தில் ஒரு மிளகு லொறி வந்தது. வழியில் மழை பிடித்து மேல் மூட்டைகள் நனைந்திருந்தன. அதை எடுப்பதா, திருப்பி அனுப்புவதா என்று நாங்கள் எல்லாரும் முற்றத்தில் நின்று பேசினோம். ஸ்டோர்காரர் எடுக்கலாம் என்றார். கணக்குப் பார்ப்பவர் விலையைக் குறைத்து எடுக்கலாம் என்றார். சாமானின் தரம் பார்க்கும் பரீனா, நனைந்ததை மட்டும் இறக்காமல் விடலாமே என்றாள். லொறி டிரைவர், எதையாவது சொல்லுங்கள், நான் தம்புள்ளைக்குத் திரும்பணும் என்றார். கொழும்பில் இருந்த முதலாளி போனை எடுக்கவில்லை. அவர் எடுத்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தது. நனையாத மூட்டைகளும் சேர்த்துப் புழுங்கிவிட்டன.

மெடம் அன்றைக்கு முழுவதும் ஓரமாக நின்று பார்த்தார். அடுத்த நாள் காலையில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நேத்து அந்த லொறியைப் பத்திக் கடைசி வார்த்தை சொல்ல வேண்டியவங்க யாரு?"

ஸ்டோர்காரர்தான் சொன்னார்: "எல்லாரும் சேர்ந்துதான் மெடம்."

"எல்லாரும்னா யாரும் இல்லைன்னு அர்த்தம்" என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்க அவர் எங்களோடு பேசினார். நீ செய்யும் வேலை என்ன, யாரைக் கேட்டுச் செய்கிறாய், யாருக்குச் சொல்கிறாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். சில வேலைக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். சில வேலைக்கு ஆளே இல்லை. பிறகு ஒரு கூட்டம் வைத்தார். கூட்டத்தில் ஸ்டோர்காரர், "எல்லாத்துக்கும் ஓட்டுப் போட்டு முடிவு எடுப்போமே, நியாயமா இருக்கும்" என்றார். நான், பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் முடிவு செய்தால் சுலபம் என்று நினைத்தேன், அதைச் சொல்லவும் செய்தேன்.

"ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது" என்றார் மெடம். "கன்டீன்ல என்ன சமைக்கிறதுன்னா கையைத் தூக்குங்க, கூட எண்ணிக்கை வந்தது சமைக்கட்டும். யாரு எந்த ஷிஃப்ட்னா ஒருத்தருக்குக் கூட மனக்குறை இருக்கக் கூடாது, எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் பேசுங்க. லொறி வாசல்ல நிக்குதுன்னா அதுக்கு நேரம் இல்ல. அங்க ஒரு ஆள்தான். அந்த ஆள் ரெண்டு பேர்கிட்ட யோசனை கேக்கட்டும், கேட்டுட்டுச் சொல்லட்டும். சொன்னதுக்கு அப்புறம் மத்தவங்க வாயை மூடிக்கணும். நான் உட்பட."

"ஆபத்து வந்தா?" என்று கேட்டார் டிரையர் பார்க்கும் பண்டா அய்யா. பல்லேகமப் பக்கத்துச் சிங்களவர். வீட்டில் வயல் இருந்தது, அறுவடைக்கு மட்டும் லீவு எடுப்பார். விறகு எரித்து மிளகு காயவைக்கும் டிரையர் அறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ஆபத்துன்னா யாரையும் கேக்க வேணாம் அய்யா. பாத்தவங்க சைரனை அடிக்கட்டும். எல்லாரும் வெளிய. கூட்டுற பிள்ளை அடிச்சாலும் நான் அடிச்சாலும் ஒண்ணுதான்."

ஒரு வெள்ளைப் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மாட்டினார். எந்த வேலைக்கு யார் முடிவு, யாரைக் கேட்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று. அந்தக் கூட்டத்திலேயே எழுதியதை இரண்டு மொழியிலும் சத்தமாக வாசித்துக் காட்டினார். டிரையருக்கு நேரே ஒரு வரி இருந்தது: நெருப்பை அணைக்காமல் டிரையர்காரர் அறையை விட்டுப் போகக் கூடாது. முன்பு ஒருமுறை நெருப்பைப் பார்க்க ஆளில்லாமல் பக்கத்துச் சாக்குகள் பற்றியிருந்தன. அதனால் அந்த வரி எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது.

சாமானை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பரீனாவுக்குப் போனது. டவுனில் திரீவீலர் ஓட்டுபவரின் மகள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சின்னப் பெண். அவளிடமா என்று எல்லாரும் முணுமுணுத்தோம்.

அந்த முணுமுணுப்பு நியாயம் என்று நினைக்கும்படி ஒன்று நடந்தது. முதலாளியின் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மிளகு கொடுக்கும் தம்புள்ளை வியாபாரி ஒருவர். அவருடைய லொறி வந்தது. பரீனா ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். கூடுதலாகக் காட்டியது. மெடத்தைக் கூப்பிட்டு யோசனை கேட்டாள். மெடம் ஒரு மிளகை எடுத்துப் பல்லில் வைத்து உடைத்தார். நன்றாகக் காய்ந்த மிளகுபோல அது டக்கென்று உடைந்தது எனக்கே கேட்டது.

"எனக்குச் சரியாத்தான் படுது. இது யோசனை."

பரீனா மீட்டரைப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "இல்ல மெடம், எடுக்க ஏலாது. திருப்பி அனுப்பணும்" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு மெடம் உள்ளே போய்விட்டார். லொறி திரும்பிப் போனது.

மீட்டர்தான் பழுது. இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. அந்த வியாபாரி சாமானை வேறு இடத்தில் விற்றுவிட்டார், பிறகு நெடுநாள் எங்கள் பக்கமே வரவில்லை. முதலாளி கொழும்பிலிருந்து ஏறி வந்தார். அப்பா இறந்தபிறகு பொறுப்பு எடுத்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனுஷன்தான். கோபம் வந்தால் குரல் மெல்லியதாகிவிடும்.

"நீங்க அங்கதானே நின்னீங்க மெடம். நல்ல மிளகுன்னு தெரிஞ்சும் ஏன் தடுக்கல?"

"தடுத்திருந்தா அடுத்த லொறிக்கு அந்தப் பிள்ளை மிளகைப் பாக்காது சேர், என் முகத்தைத்தான் பாக்கும்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பரீனா ஸ்டோருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மெடம் போய் ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "மீட்டரை மாத்திரு. நாளைக்கு லொறி வருது, நீதான் பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கல்நெஞ்சு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த நாள் பரீனா லொறியில் ஏறியபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

என் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார். கோயில் தேருக்கு வந்தவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு வந்த வரனைப் பற்றி வீட்டில் பேச்சு. பெரியப்பா நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்குக் கண்டியில் கடை, ஜாதகம் பொருந்துகிறது, வேலையை விட்டுவிட வேண்டும், அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தலையாட்டினார். மெடம் ப்ளேன்டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இதுல முடிவு சொல்றவங்க யாருங்க?"

பெரியப்பாவுக்கு முகம் மாறியது. "நாங்க பெரியவங்கதான். வேற யாரு?"

"சரிங்க. அப்போ அவ யோசனையாச்சும் கேட்டீங்களா?"

எனக்குக் காது சூடேறியது. ஏன் இவரைக் கூட்டி வந்தோம் என்று இருந்தது. அப்போது அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியப்பா இருக்கும்போது குரல் எடுத்தார். "அவகிட்டக் கேக்கல மாமா" என்றார். அந்த வரன் நின்றுபோனது. பெரியப்பா நெடுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே, மெடத்துக்குக் கொடுக்கும்படி என்னிடம் பலகாரம் கட்டிக் கொடுப்பார்.

பிறகு அந்தக் கார்த்திகை மாத மழை வந்தது.

எங்கள் பெக்டரியின் பின்பக்கம், சாமான் இறக்கும் கொட்டகைக்கும் டிரையர் அறைக்கும் மேலே, செங்குத்தாக வெட்டிய மண் மேடு ஒன்று இருந்தது. கீழே கல்சுவர். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள். எவ்வளவு மழை பெய்தாலும் அதில் தெளிந்த தண்ணீர்தான் வரும். மழை பிடித்து விடாமல் பெய்த ஒரு நாள், அந்தத் தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறத்துக்கு மாறியதைப் பரீனா பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய் சைரனை அடித்தாள்.

எல்லாரும் ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினோம். பள்ளிக்கூட வராந்தாவில் நனைந்துகொண்டு நின்றோம். பெக்டரி வாசலில் கொன்டெய்னர் லொறி பாதி ஏற்றியபடி நின்றது. அன்றைக்கே அது துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். ஆட்களைத் திரும்ப உள்ளே அனுப்பச் சொல்லி முதலாளி போனில் வற்புறுத்துவது, மெடத்தின் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

"இல்ல சேர்" என்றார் மெடம். "அது பரீனாவோட முடிவு. நான் மாத்த மாட்டேன். நீங்களும் மாத்த ஏலாது, அப்படித்தானே எழுதி வச்சிருக்கோம்."

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மண்மேடு அசையவே இல்லை. அடுத்த நாள் வெயில் அடித்தது. கப்பல் போய்விட்டது. வெளிநாட்டில் சாமான் வாங்குகிறவர் அடுத்த ஓடரை நிறுத்திவைத்தார். பரீனா தலையைத் தூக்காமல் வேலை செய்தாள். மெடம் எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து, "நேத்து நீ செஞ்சது சரி" என்றார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த மாதச் சம்பளம் எப்படி என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

முதலாளி வந்து கூட்டம் போட்டார். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது.

"இனிமே என்னைக் கேக்காம யாரும் சைரன் அடிக்கக் கூடாது."

"அப்போ நிறுத்துற முடிவு உங்களோடது சேர்" என்றார் மெடம்.

"ஆமா."

"சரி. அப்படின்னா மழை நாள்ல நீங்க இங்க இருக்கணும்."

"போன் இருக்கே மெடம்."

"போன்ல தண்ணியோட நிறம் தெரியாது. முடிவு எடுக்கிறவங்க மண்ணுக்குக் கீழதான் நிக்கணும், எங்களோட. அதுக்குச் சம்மதம்னா எழுதிர்றேன்."

முதலாளி, "வர்றேன்" என்றார். மெடம் பலகையில் சைரனுக்கு நேரே 'யார் பார்த்தாலும்' என்றிருந்ததை அழித்து, 'முதலாளி' என்று எழுதினார். அழிக்கும்போது பரீனா என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது, இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமே என்று மெடத்திடம் கேட்டேன்.

"அவரோட கம்பனி. முறையை மாத்துற உரிமை அவருக்கு இருக்கு" என்றார். அன்றைக்கு மட்டும் அது யோசனையா முடிவா என்று சொல்லவில்லை.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மழை மறுபடி தொடங்கியதும் வந்து மேல்மாடி ஒஃபிஸில் உட்கார்ந்தார். மண்சரிவு எச்சரிக்கை எல்லார் போனிலும் வந்துகொண்டிருந்தது. வாங்குகிறவர் நிறுத்திவைத்த ஓடரை மறுபடி கொடுத்திருந்தார், கொன்டெய்னர் மறுபடி வாசலில் நின்றது. மத்தியானம் தாண்டி, நான் மேலே எடைக் கணக்கைக் கொடுக்கப் போயிருந்தேன். மெடமும் அங்கே இருந்தார். பரீனா உடம்பெல்லாம் நனைந்து ஏறி வந்தாள்.

"சேர், தண்ணி கலங்கி வருது. சைரன் அடிக்கட்டுமா?"

முதலாளி எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து கல்சுவர் தெரியும். ஓட்டைகளில் பழுப்புத் தண்ணீர் வேகமாக அடித்தது.

"அன்னைக்கும் கலங்குச்சுதானே" என்றார். "ஒண்ணும் ஆகலியே."

அவர் திரும்பி மெடத்தைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நிறுத்தணும் சேர். இப்பவே. இது யோசனை."

அவர் போனை எடுத்தார். யாரோ தெரிந்த இஞ்சினியருக்கு அடித்தார். அது போகவில்லை. மறுபடி அடித்தார். நெற்றியில் வியர்வை நின்றது. "இன்னும் கொஞ்சம் பாப்போம். ஏத்துறது முடியப் போகுது" என்றார். முடிவாகவும் சொல்லவில்லை. எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. பரீனா அழுவதுபோல மெடத்தின் கையைப் பிடித்தாள். எனக்கும் கத்த வேண்டும் போல இருந்தது. நீங்களே போய் அடியுங்கள், இப்போது யார் முடிவு என்று பார்க்கும் நேரமா இது? மெடம் அசையாமல் நின்றார். அந்த நேரத்தில் நான் அவரை வெறுத்தேன்.

அவர் மேசையிலிருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சேர், பெக்டரியை நிறுத்துறது உங்க முடிவு. அதுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா நான் உள்ள இருக்கிறதா வெளிய போறதாங்கிறது என் முடிவு. நான் போறேன்."

படியிறங்கிப் பொறுக்கும் மண்டபத்தின் நடுவாகவே நடந்தார். பக்கத்து வழியால் போயிருக்கலாம், போகவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. பரீனாவும் நானும் பின்னால் வந்தோம். மிளகில் இருந்த கைகள் நின்றன. "எங்க மெடம் போறீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெளிய. எனக்கு இங்க இருக்கப் பயமா இருக்கு. இது எனக்கு மட்டும் எடுத்த முடிவு."

வயதான ஒரு அம்மா முதலில் எழுந்து மடியிலிருந்த மிளகைத் தட்டினார். பிறகு ஒரு வரிசை. பிறகு மண்டபமே எழுந்தது. கதிரைகள் விழுந்தன. நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்தேன். டிரையர் அறையைத் தாண்டும்போது பண்டா அய்யா அடுப்பிலிருந்து எரியும் விறகைக் கம்பியால் இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க அய்யா" என்று கத்தினேன்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அணைச்சிட்டு வர்றேன், நீங்க போங்க."

ரோட்டைத் தாண்டினோம். எங்களுக்குப் பின்னால் அப்போதுதான் சைரன் கேட்டது. முதலாளி அடித்திருக்கிறார். அடித்துவிட்டு அவரும் ஓடி வந்தார். மெடம் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தவர், என்னிடம் நின்றார்.

"பண்டா அய்யா எங்க?"

"நெருப்பை அணைச்சிட்டு வர்றேன்னாரு மெடம்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ரோட்டில் திரும்பி ஓடத் தொடங்கினார். பாதி ரோட்டில் இருக்கும்போது பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. லொறியிலிருந்து மண் கொட்டுவது போல, கொஞ்சம் நீளமாக. சாமான் கொட்டகையின் கூரை சாய்ந்தது. மண்டபத்துக்குள் சைரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

பண்டா அய்யாவை உயிரோடு எடுத்தார்கள். டிரையரின் இரும்புக் கூடு மண்ணைத் தாங்கியிருந்தது. கால் மட்டும் சுவருக்கடியில். எடுத்தவர்களில் முதலாளியும் ஒருவர். கையில் மண்வெட்டிகூட இல்லாமல் நகத்தால் தோண்டினார். அவரை அதன்பிறகு என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் நானும் மெடமும் மட்டும் இருந்தபோது கேட்டேன். "நாங்க யாரும் உங்க பின்னால வராம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தெரியல" என்றார்.

விசாரணைக்கு அரசாங்க ஆட்கள் வந்தார்கள். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, யார் பொறுப்பு என்று கேட்டார்கள். முதலாளி வாயைத் திறக்குமுன் மெடம் பேசினார். "நிறுத்த லேட் ஆனது முதலாளி முடிவு. டிரையர்காரர் உள்ள நின்னது நான் எழுதின வரி. நெருப்பை அணைக்காம போகக் கூடாதுன்னு எழுதினேன். உயிர் போற நேரத்துல என்ன செய்யணும்னு எழுதல. அது என் பிழை." முதலாளி தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொன்னது சரி என்றார்.

அதன்பிறகு முதலாளி, இனி எல்லா முடிவும் நீங்களே எடுங்கள், நான் தலையிட மாட்டேன் என்று அவரிடம் வந்து சொன்னார். மெடம் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒரு ஆள்கிட்ட இருந்து எடுத்து இன்னொரு ஆள்கிட்ட குடுக்கிறதுக்கா இவ்வளவும்?" என்றார். சைரன் பழையபடி எல்லார் கைக்கும் வந்தது. டிரையர் வரியை அவரே அழித்தார்.

ஆனால் ஒன்று எல்லாருக்கும் உறுத்தியது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எல்லாரும் மாறிமாறிப் போய்ப் பண்டா அய்யாவைப் பார்த்தோம். முதலாளி தினமும் போனார். மெடம் மட்டும் போகவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வாரமே ஆகிவிட்டது. "எழுதத் தெரியுது, போய்ப் பாக்கத் தெரியல" என்று ஸ்டோர்காரர் எல்லாரும் கேட்கும்படி சொன்னார். மெடத்துக்கும் கேட்டது. அன்று வேலை விட்டதும் என்னிடம் வந்து, "என்னோட வர்றியா?" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

வார்டில் பண்டா அய்யாவின் கால் இடுப்புவரை கட்டுப்போட்டு உயர்த்தியிருந்தது. பழையபடி நடக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வயலில் இறங்குவது இனி மகன் வேலைதான். அவர் மனைவி ஸ்டூலை விட்டு எழுந்து மெடத்துக்கு இடம் கொடுத்தார். மெடம் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த வரியை எழுதினது நான் அய்யா."

"எந்த வரி மெடம்?"

"பலகையில உங்க வேலைக்கு நேர எழுதினது. நெருப்பை அணைக்காம போகக் கூடாதுன்னு."

பண்டா அய்யா சிரித்தார். "நான் அந்தப் பலகையை வாசிச்சதே இல்லையே. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துத் தெரியாது."

"நான் வாசிச்சுக் காட்டினேன். நீங்க முன்வரிசையில இருந்தீங்க. தலையாட்டினீங்க."

"இருந்தேன்தான். தூங்கிட்டேன் மெடம். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து உக்காந்தா தூக்கம் வராதா? நெருப்பை விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு எப்பவும் இல்ல. நீங்க எழுதாட்டியும் நின்னிருப்பேன். அது நான் எடுத்தது. அதை நீங்க எடுத்துக்காதீங்க."

பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டவரே அவர்தான். மெடத்துக்கும் தெரியும். ஒவ்வொருவர் சொன்னதையும் மறக்காமல் வைத்திருப்பவர். திருத்துவார் என்று காத்திருந்தேன். ஒரு பிழையான சொல்லைத் திருத்தாமல் அவர் விட்டதே இல்லை.

கம்பியைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரி அய்யா" என்றார். "தூங்கிட்டீங்க."

பண்டா அய்யாவின் மனைவி ஒரு தோடம்பழத்தை உரித்து, முதல் சுளையை மெடத்தின் கையில் வைத்தார்.